எங்கள் எஸ்டிபி செத்துப்போன 26 நாட்கள்

2023 ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. இன்னும் ஏழு மணி ஆகவில்லை. செக்யூரிட்டி போன் செய்து, "மேடம், பேஸ்மென்ட்டுல நுரை வந்திருக்கு, வண்டி எடுக்க முடியல" என்றார். யார் வீட்டிலோ வாஷிங் மெஷின் குழாய் கழன்றிருக்கும் என்று நினைத்து, நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். முந்தின நாள்தான் எல்லா வண்டிகளுக்கும் பூஜை போட்டிருந்தார்கள். குங்குமம் தடவி உடைத்த பூசணிக்காய்த் துண்டுகள், டயரில் நசுங்கிய எலுமிச்சை, கார்களின் முன்னால் கட்டிய வாழைக்கன்றுகள், அத்தனைக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை. எஸ்டிபி, அதாவது குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம், அதன் அறைக் கதவிடுக்கிலிருந்து அது அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அழுகிய முட்டை நாற்றம் வேறு. நான் செய்த முதல் காரியம், போட்டோ எடுத்து அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டது. அதைச் செய்திருக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் 72 வீடும் எழுந்துவிட்டது.

எங்கள் குடியிருப்பு பெங்களூரு சர்ஜாபூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. அந்த வருஷம் நான் அசோசியேஷன் செக்ரட்டரி. ஆசைப்பட்டு வாங்கிய பதவி இல்லை. கூட்டத்தில் யாரும் கை தூக்கவில்லை, நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள், அவ்வளவுதான் தகுதி. எஸ்டிபி என்றால் ஏதோ பெரிய ஃபில்டர், கரண்டில் ஓடும், கெட்டுப்போனால் மெக்கானிக் வருவார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆபரேட்டர் ஓசூர்ப் பக்கத்துத் தம்பி. அவர்தான் அன்றைக்கு எனக்குப் பாடம் எடுத்தார். "அக்கா, இது மெஷின் இல்ல. மாட்டுக்கொட்டாய் மாதிரி. உள்ள இருக்கறது எல்லாம் உசுரு." நம் வீட்டு சாக்கடையில் வருவதைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்வது பாக்டீரியாக்கள். ப்ளோவர் ஊதுகிற காற்று அவற்றுக்கு மூச்சு. நல்ல தொட்டி ஃபில்டர் காபி டிகாஷனில் கொஞ்சம் பால் விட்ட நிறத்தில் இருக்குமாம், மழை பெய்த மண் வாசம் அடிக்குமாம். எங்கள் தொட்டி சாம்பல் கருப்பில் இருந்தது.

அவரிடம் ஒரு லிட்டர் கண்ணாடிச் சிலிண்டர் உண்டு. தினமும் காலையில் காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு அதில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் வைப்பார். உயிரோட்டமுள்ள சேறு திட்டுத்திட்டாகச் சேர்ந்து அடியில் உட்காரும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். சேறு எத்தனை மில்லியில் நின்றது என்று நோட்டில் எழுதுவார். நுரை வந்த அன்று அரை மணி ஆகியும் ஒன்றும் உட்காரவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே கலங்கல். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் செப்டம்பர் கடைசியிலிருந்தே எண் இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. தம்பி அதை மெயின்டனன்ஸ் கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறார். கம்பெனிக்காரர் எனக்குச் சொல்லவில்லை. நானும் அந்த நோட்டைக் கேட்டதில்லை. உங்கள் குடியிருப்பில் எஸ்டிபி இருந்தால், கமிட்டியில் இருக்கிறீர்களோ இல்லையோ, அந்தச் சிலிண்டரின் போட்டோவைத் தினமும் ஒருவருக்காவது அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து பைசா செலவில்லை. நான் ஒரு மாதம் முன்பே பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

முதல் நான்கு நாள் நான் குற்றவாளியைத் தேடினேன். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் இன்டீரியர் வேலை நடந்துகொண்டிருந்தது. பெயின்டர்கள் பால்கனிக் குழாயில் பிரஷ் கழுவியதை யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். தின்னர் வாடை அந்த மாடி முழுக்க அடித்தது. கிடைத்தது ஆள் என்று அந்த வீட்டுக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம் போட்டு, அதைக் குரூப்பிலும் அறிவித்தேன். அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை, பணத்தைக் கட்டிவிட்டார். அப்போது எனக்கு ஏதோ சாதித்த மாதிரி இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது. அரை லிட்டரோ ஒரு லிட்டரோ தின்னர் கேடுதான், ஆனால் 50 ஆயிரம் லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு நிலையத்தை ஒரு மாதமாக மெல்லக் கொல்ல அது போதாது. நோட்டில் இருந்த இறக்கம் அந்தப் பெயின்டர்கள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கையில் நோட்டு இருந்தும் நான் வீடியோவைத்தான் நம்பினேன்.

ஐந்தாம் நாள் ஒரு கன்சல்டன்ட் வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டார், "பாக்டீரியா செத்துப் போச்சு, புதுசு போடணும்" என்றார். பொட்டலம் பொட்டலமாக பாக்டீரியா கல்ச்சர் பவுடர். 18,500 ரூபாய். பவுடர் போட்டு ஆறு நாள் காத்திருந்தோம். நாற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஏன் செத்தது என்று அவர் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. விஷம் வந்துகொண்டிருக்கும்போது புது உயிரைக் கொண்டுபோய் விட்டால் அதுவும் சாகும். உள்ளே என்ன வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தும்வரை யார் என்ன பவுடர் விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

இதற்கிடையில் வீடுகளில் ரகளை. எங்கள் ஃப்ளஷ் டேங்குகளுக்கும் தோட்டத்துக்கும் சுத்திகரித்த தண்ணீர்தான் போகும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைத்தால் அதில் 45 லிட்டர் ஃப்ளஷுக்கே போய்விடும். அந்த 45 லிட்டர் இப்போது கருப்பாக, நாற்றத்தோடு மேலே ஏறியது. முதல் நாளே அதை நிறுத்திவிட்டு, தினமும் கூடுதலாக ஒரு 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் வாங்க ஆரம்பித்தோம், 1,200 ரூபாய். கழிப்பறையில் கொட்டக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கினோம். தொட்டியில் வழிந்தது பாதாளச் சாக்கடைக்குப் போக எங்களுக்கு இணைப்பு இருந்ததால் ஏதோ பிழைத்தோம். அது இல்லாத குடியிருப்பாக இருந்தால் கதையே வேறு.

அது இருந்தும், "ராத்திரி வால்வைத் திறந்து ராஜகாலுவேயில் விட்டுடுங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று அறிவுரை சொல்ல நாலு பேர் வந்தார்கள். ராஜகாலுவே என்றால் மழைநீரை ஏரிக்குக் கொண்டுபோகும் பெரிய கால்வாய், கடைசியில் அவர்கள் சொன்ன கன்னடத்துக்கு 'கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க' என்று அர்த்தம். தொட்டியை ஒரே ராத்திரியில் காலி செய்துவிடலாம், கழிவை உறிஞ்சி எடுக்கும் ஹனிசக்கர் வண்டிச் செலவு மிச்சம். பொய் சொல்வானேன், ஒரு ராத்திரி அதைச் செய்யலாமா என்று நானும் யோசித்தேன். தம்பியிடமே கேட்டேன். அவர் சிரித்தார். "விடுங்கக்கா. நாலு நாள்ல எங்க ஊருக்கு வந்துடும்." அவர் ஊர் கெலவரப்பள்ளி அணைக்குக் கிட்டத்தில். எங்கள் பக்கத்து ராஜகாலுவே பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது, அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அங்கிருந்து தென்பெண்ணை, தென்பெண்ணை ஓசூரில் கெலவரப்பள்ளி அணை. பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 என்று திரும்பத் திரும்பத் தீப்பிடித்ததை டிவியில் பார்த்து உச்சுக்கொட்டியவள் நான். மழை பெய்தால் அணை மதகிலிருந்து நுரை பஞ்சு மாதிரி பறக்கும் படத்தைக் குரூப்பில் ஃபார்வர்டும் செய்திருக்கிறேன். அதற்கும் மேலே, எனக்குச் சொந்த ஊர் ஆம்பூர். பாலாற்றைக் கெடுத்துவிட்டார்கள் என்று தோல் தொழிற்சாலைகளைத் திட்டியே வளர்ந்த குடும்பம். வால்வில் கை வைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், ரசாயனம் படித்த என் தங்கை போனில் கேட்டாள், "பிஎச் பார்த்தியா?" தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண் அது. பார்க்கவில்லை. ஒருத்தரும் பார்க்கவில்லை. பள்ளிக்கூட லேப் சாமான் விற்கும் கடையில் பிஎச் பேப்பர் புத்தகம் ஒன்று வாங்கினேன். நூறு ரூபாய்க்குச் சில்லறை மிச்சம் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து நானும் தம்பியும் சாக்கடை வந்து விழும் இடத்தில், அந்தக் கம்பி வலைக்குப் பக்கத்தில், மணிக்கொரு தரம் ஒரு மக்கில் மொண்டு பேப்பரை நனைத்துப் பார்த்தோம். ஆறு மணிக்குப் பச்சை, அதாவது அமிலமும் இல்லை காரமும் இல்லை. ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் அதேதான். குளியல், துணி துவைப்பு எல்லாம் ஓடுகிற நேரத்தில் பச்சை கொஞ்சம் கருத்தது, சோப்பு காரம்தானே. பத்து மணிக்கு மறுபடி பச்சை. பதினொன்று ஐந்துக்கு நனைத்த பேப்பர் என் விரலுக்கு நடுவிலேயே சிவந்தது. குங்குமச் சிவப்பு. அட்டையோடு ஒப்பிட்டால் மூன்றுக்கும் கீழே, கடும் அமிலம். தம்பி ஒன்றும் பேசாமல் மேலே கூரையைப் பார்த்தார். பதினொரு மணிக்கு என்ன நடக்கும்? கிளப்ஹவுஸ் கழிப்பறைகள், வேலைக்காரர்கள் கழிப்பறை, லிஃப்ட் முன்னால் இருக்கும் டைல்ஸ், எல்லாம் கழுவுவார்கள்.

ஹவுஸ்கீப்பிங் அறையில் லேபிள் இல்லாத ஐந்து லிட்டர் கேன்கள் வரிசையாக நின்றன. டைல்ஸ் ஆசிட். மூடியைத் திறந்ததும் புகை மாதிரி ஏதோ மூக்கில் ஏறி இருமல் வந்தது. கடைசிப் பத்து நாளில் 14 கேன் காலியாகியிருந்தது, அதாவது 70 லிட்டர். நாம் வீட்டில் வாங்கும் டாய்லெட் கிளீனரிலும் இதே ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் இருக்கிறது, சுமார் பத்து சதவீதம். இது அதைவிட மிக வீரியமான சரக்கு. பில்லை எடுத்துப் பார்த்தேன். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து சப்ளையரை மாற்றியிருக்கிறோம், மாதம் 1,800 ரூபாய் மிச்சம் என்று. ஒப்புதல் கையெழுத்து என்னுடையது.

அந்த அறையில் இருந்த அக்கா கோலார் தங்கவயலிலிருந்து விடிகாலை ரயிலில் கே.ஆர்.புரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருபவர். எங்கள் தமிழை அவர் நன்றாகக் கிண்டல் செய்வார். "இது போட்டாத்தாம்மா வெள்ளக் கறை போவுது" என்று கையை நீட்டிக் கேனைக் காட்டினார். கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் ஊறவைத்த பாதாம் தோல் உரிந்த மாதிரி வெளுத்து, குறுக்கும் நெடுக்கும் வெடித்திருந்தன. ரேகையே இல்லை. எனக்குச் சட்டென்று உறைத்தது. இரண்டு வாரம் முன்னால் இவர்தான் என்னிடம் வந்து, வருகைப் பதிவு மெஷின் கட்டைவிரலை எடுக்கவில்லை, சூப்பர்வைசர் ஆப்சென்ட் போடுகிறார் என்று சொன்னார். மெஷினைத் துடைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். கையுறை கேட்டதற்கு, அடுத்த மாத பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று ஒரு மெயில் அனுப்பியிருக்கிறேன். அந்த மெயில் இன்னும் என்னிடம் இருக்கிறது, அழிக்கவில்லை.

வெள்ளைக் கறைக்குக் காரணம் அந்த அக்கா இல்லை, எங்கள் போர்வெல் தண்ணீர். கடினத்தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்புப் படலம் விடும், அது சாதாரண சோப்புக்குப் போகாது, ஆசிட்டுக்குத்தான் கரையும். அதே கடினத்தண்ணீரில் சோப்பும் சரியாக நுரைக்காது, அதனால் ஒவ்வொரு வீட்டிலும் டிடர்ஜென்டை அள்ளிக் கொட்டுகிறோம். பாக்டீரியாக்கள் ஆரோக்கியமாக இருந்தால் அந்த டிடர்ஜென்டைத் தின்றுவிடும். அவை செத்துவிட்டதால்தான் ப்ளோவர் காற்றில் எல்லாம் நுரையாகப் பொங்கி பேஸ்மென்ட்டுக்கு வந்தது. ஆயுத பூஜைக்காக 72 வீடும் ஒரே வாரத்தில் சுத்தம் செய்ததில் மூடியே கழன்றது. ஆசிட்டுக்கு அடுத்து அதே அறையில் ப்ளீச்சிங் பவுடர், பினாயில். நாற்றத்தைக் கொல்ல அதையும் அதே கழிப்பறையில் போட்டிருக்கிறார்கள். இது வீட்டுக்கும் பொருந்தும், தயவுசெய்து மறக்காதீர்கள்: ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் ப்ளீச்சையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய பாத்ரூமில் அது விளையாட்டில்லை. எஸ்டிபியிலும் இதேபோல ஒன்று உண்டு. அழுகிய சேற்றில் ஆசிட் விழுந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறும். அந்த முட்டை நாற்றம் அதுதான். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். "வாடை நின்னுடுச்சு, இறங்கிப் பாக்கலாம்" என்று யாரும் சொல்லக் கூடாது. தம்பிக்கு அந்த நாட்களில் ஓயாத தலைவலி. கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், ஆள் திரும்பி வரமாட்டார்.

அன்று மத்தியானமே ஆசிட்டை நிறுத்தினோம். அப்புறம் சரிசெய்வது பொறுமையான வேலை. ஹனிசக்கர் வண்டி வைத்துச் செத்த சேற்றை எடுத்தோம், ஒன்பது நடை. இரண்டு தெரு தள்ளி ஒரு குடியிருப்பில் நன்றாக ஓடும் எஸ்டிபி இருந்தது. அவர்கள் உபரிச் சேற்றை எப்படியும் வெளியேற்றத்தான் வேண்டும், எங்களுக்கு அதுதான் விதைநெல். உறை மோர் கடன் வாங்குவது போல இரண்டு வண்டி வாங்கி வந்து ஊற்றினோம். பவுடரைவிட இது எவ்வளவோ தேவலை, நம்மூர் சாக்கடைக்குப் பழகிய உயிர்கள். இடையில் தீபாவளி வந்தது, நவம்பர் 12. குடியிருப்பில் இருபது தமிழ்க் குடும்பமாவது உண்டு. விடியற்காலை அத்தனை பேரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தொட்டி என்ன ஆகும் என்று தம்பிக்கு ஒரே கவலை. "சீயக்காய் பரவாயில்லக்கா, எண்ணெயைக் கொஞ்சமா தேய்க்கச் சொல்லுங்க" என்றார். குரூப்பில் அதைப் போட்டேன். செக்ரட்டரி எண்ணெய்க் குளியலுக்கும் ரேஷன் வைத்துவிட்டார் என்று கேலி செய்தார்கள். முதல் தடவையாக அந்த குரூப்பில் சிரிப்பு. நான் புதுப்புடவையோடு பேஸ்மென்ட்டில் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பாதி தெளிந்திருந்தது. நவம்பர் 18 காலைதான் அரை மணியில் சேறு முழுசாக உட்கார்ந்தது.

கணக்கு கேட்பீர்கள். டேங்கர் 26 நாளுக்கு 31,200. ஹனிசக்கர் 19,800. வீணாய்ப்போன பவுடர் 18,500. லேப் டெஸ்ட் மூன்று தடவை, 10,500. விதைச் சேறு கொண்டுவர 6,000. கெட்டுப்போன மணல், கார்பன் ஃபில்டர்களை மாற்ற 27,000. மொத்தம் 1,13,000 ரூபாய். சப்ளையரை மாற்றியதில் இரண்டு மாதத்தில் நான் மிச்சப்படுத்தியது 3,600. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பொதுக்குழுவில் வாசித்தேன். மூன்றாம் மாடிக்காரரிடம் 5,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு, "பிரஷ் கழுவினது தப்புதான்" என்றார். இப்போது இன்டீரியர் வேலைக்கு அனுமதி தரும்போதே, பிரஷ்ஷை வாளியில் கழுவி, தின்னரை மூடியுள்ள டப்பாவில் சேர்த்துத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்குகிறோம்.

வீட்டுக்குள் நான் என்ன மாற்றினேன் என்றால், முதலில் சிங்க் அடைப்புக்கு மாதாமாதம் கொட்டிக்கொண்டிருந்த பவுடர். அது காஸ்டிக் சோடா. அதற்குப் பதில் ரப்பர் பிளஞ்சரும், பாத்ரூம் வடிகால் ஜாலியில் முடி பிடிக்கிற ஒரு சின்ன வலையும் போதும். குழாய் வெள்ளைக்கறைக்கு வெந்நீரில் கரைத்த சிட்ரிக் ஆசிட், துணியில் நனைத்துச் சுற்றி அரை மணி விட்டால் போகும். குளித்ததும் சுவரை வைப்பரால் இழுத்துவிட்டால் கறையே பிடிப்பதில்லை, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. டிடர்ஜென்டைப் பாதியாகக் குறைத்தேன், துணி வித்தியாசம் தெரியவில்லை. காலாவதியான மாத்திரை, டானிக்கை டாய்லெட்டில் கொட்டுவதை நிறுத்தினேன், அதிலும் ஆன்டிபயாடிக் என்றால் பாக்டீரியாவைக் கொல்லவே பிறந்தது. கடாய் எண்ணெயைப் பேப்பரில் துடைத்துவிட்டுக் கழுவுகிறேன். கிருமிநாசினி தரை கிளீனர் தினமும் வேண்டாம், யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் எடுத்தால் போதும். பெங்களூரில் பயோ என்சைம் என்று ஒரு மோகம் உண்டு: வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை ஆரஞ்சுத் தோல் மூன்று, தண்ணீர் பத்து, மூன்று மாதம் ஊறல். தரை துடைக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை ஊற்றினால் எஸ்டிபி தானே குணமாகிவிடும் என்று சத்தியம் செய்தவர்களைப் பார்த்தேன். அந்த அளவுக்கெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. கெடுதல் செய்யாத ஒரு கிளீனர், அவ்வளவே.

2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. குடிநீரில் கார் கழுவினால், தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. எங்கள் ஃப்ளஷும் தோட்டமும் சுத்திகரித்த தண்ணீரிலேயே ஓடின. ஏப்ரலில் நான் பதவியை விட்டேன். புது செக்ரட்டரி முதல் வாரமே ஒரு கொட்டேஷனை அனுப்பி, "இவங்க மாசம் 2,200 கம்மியா தர்றாங்க, பழைய சப்ளையர் ஏன் இவ்வளவு அதிகம்?" என்று கேட்டார். பிஎச் பேப்பர் புத்தகத்தையும் சிலிண்டர் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

தங்கவயல் அக்கா இன்னும் இங்கேதான் வேலை செய்கிறார். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, மாதம் இரண்டு ஜோடி. அந்த அக்டோபரில் ஆப்சென்ட் போட்ட ஒன்பது நாள் சம்பளத்தை வாங்கிக் கொடுக்க, கம்பெனியோடு மூன்று மாதம் சண்டை போட வேண்டியிருந்தது. வருகைப் பதிவு மெஷினில் இப்போது அவருடைய இடது கை மோதிர விரலைப் பதிந்து வைத்திருக்கிறோம். வலது கட்டைவிரலை அது இன்னும் எடுக்கவில்லை.